மருந்துக்கடையில் வாங்கியதெல்லாம் மருந்து அல்ல

போன வாரம் ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, பதினான்கு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாளாகப் பேதி. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்து சேர்வதற்குள் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டிருந்தது. கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு. "ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், டாக்டரம்மா" என்று மஞ்சள் பையிலிருந்து நான்கு காலி அட்டைப் பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்ட்ரா செருகியபடியே இருந்தது. ஓஆர்எஸ் என்பது பேதியில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்.

முகப்பில் பழத்தின் படம், கொட்டை எழுத்தில் ஓஆர்எஸ். பின்பக்கம் எறும்பளவு ஆங்கிலத்தில், இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் அல்ல என்று ஒரு வரி. சர்க்கரையைக் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு நூறு கிராமைத் தாண்டியது. உண்மையான ஓஆர்எஸ்ஸில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். இவ்வளவு சர்க்கரை பேதியைக் கூட்டும். பாட்டி காசு கொடுத்து வாங்கியது பேதியை.

"மருந்துக்கடையில்தானே வாங்கினேன், அரசாங்கம் கண்டதையும் விற்க விடுமா?" என்றார். கடையில் சோப்பும் சாக்லேட்டும்கூட விற்கிறார்கள், பாட்டி. அலமாரி எதையும் மருந்தாக்கிவிடாது. நிஜமான ஓஆர்எஸ், மருந்து உரிமத்தில் வருவது. இந்தப் பெட்டி உணவு உரிமத்தில் வந்த பானம். உணவுப் பாதுகாப்பு எண்தான் அதில் இருக்கும். பானத்துக்கு அந்தப் பெயர் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஏப்ரலில் சொன்னது. மூன்றே மாதத்தில், வணிகப் பெயரோடு சேர்த்துப் போடலாம், எச்சரிக்கை வரி இருந்தால் போதும் என்று தளர்ந்தது. யாருக்காக? வாந்தியெடுக்கும் குழந்தை மனுப் போடவில்லை. ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதி ரத்தானது. நிறுவனங்கள் உடனே டெல்லி உயர் நீதிமன்றப் படியேறின.

மருந்து உரிமம் இருந்தாலே யோக்கியம் என்றும் சொல்லமாட்டேன். 2012-இல் நாடாளுமன்ற நிலைக்குழு புரட்டிய மருந்து அனுமதிக் கோப்புகளில், வெவ்வேறு ஊர் நிபுணர்கள் ஒரே மருந்துக்கு எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன.

கடையில் வெறுமனே 'ஓஆர்எஸ்' என்று கேட்காதீர்கள்; உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்ட தூள் பாக்கெட்டாகக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கொட்டுங்கள். டம்ளருக்குக் கொஞ்சமாகக் கிள்ளிப் போடும் வேலை வேண்டாம். சர்க்கரையும் சேர்க்காதீர்கள், தயவுசெய்து. மறுநாளுக்குப் புதிதாகக் கரையுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக (ஜிங்க்) மாத்திரை கொடுத்தால், பேதி நின்றாலும் 14 நாள். ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, குழந்தை துவள்கிறது என்றால், விடியட்டும் என்று மலைமேலேயே உட்கார்ந்திருக்காதீர்கள்.

பேரன் தேறிவிட்டான். கிளம்பும்போது பாட்டி, "வீட்டில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது, கூலிக் காசில் வாங்கியது" என்றார். கடையில் திருப்பிக் கொடுங்கள், பில் இருக்கிறதா என்று கேட்டேன்.

பில் எல்லாம் தரவில்லையாம்.