சைட்டோ ஃப்ளாட்டோ, அட்வான்ஸுக்கு முன்னால் ரெரா சட்டம்

கோவையில் அவினாசி ரோட்டிலிருந்து காளப்பட்டிக்குத் திரும்பினாலும், திருப்பூரிலிருந்து பல்லடம் போனாலும், ஈரோட்டிலிருந்து பெருந்துறை போனாலும் ரோட்டோரப் பலகைகளில் ஒரே வாசகம்தான்: ‘டிடிசிபி, ரெரா அப்ரூவ்டு’. அதைப் பார்த்ததும் பாதிப் பேருக்குப் பயம் தெளிந்துவிடுகிறது. அந்தப் பலகை எதற்குப் பொறுப்பேற்கிறது, எதற்கு ஏற்கவில்லை என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் முழுப் பலத்தோடு வாங்குபவர் பக்கம் நிற்பது பணம் கைமாறும் வரைக்கும்தான். மாறிவிட்டால் அப்புறம் எல்லாமே புகார், விசாரணை, வாய்தா.

மனை வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2016-இல் கொண்டுவந்த சட்டம்தான் ரெரா. 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கான விதிகளை அதே ஆண்டு ஜூனில் வெளியிட்டது. இதைச் செயல்படுத்தும் ஒழுங்குமுறைக் குழுமம் சென்னையில் இருக்கிறது; அதையும் பேச்சில் ரெரா என்றே சொல்கிறோம். அந்தமான் நிக்கோபார் தீவுகளும் இதே குழுமத்தின் கீழ்தான் வருகின்றன.

குழுமத்தில் பதிவு யாருக்குக் கட்டாயம்? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனையாகப் பிரித்து விற்பவரும், எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்பவரும் பதிய வேண்டும். நம்மூர்க் கணக்கில் 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டே கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட. ஒரு ஏக்கர் தோட்டத்தைப் பத்துப் பத்து சென்ட்டாகப் பிரித்து, “இது முதல் பேஸ், அடுத்தது தை மாசம் போடறோமுங்க” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு சட்டத்தில் எடுபடாது. எத்தனை கட்டமாகப் போட்டாலும் மொத்தப் பரப்பையும் மொத்த வீடுகளையும் சேர்த்துத்தான் பார்க்கும்.

பதிவு எண் வாங்கும் முன் விளம்பரம் செய்யக் கூடாது, புக்கிங் எடுக்கக் கூடாது, ஒரு ரூபாய் டோக்கன் கூட வாங்கக் கூடாது. ஆடிப்பெருக்குக்கு வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் ‘ப்ரீ-லாஞ்ச் ஆஃபர்’ எண் இல்லாமல் வந்தால் அதுவே சட்ட மீறல். திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அபராதம் அரசுக்குத்தான் போகும், ஏமாந்தவருக்கு அதில் பங்கில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பலகையில் இருக்கும் இரண்டு பெயர்களுக்கும் வேலை வேறு. டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம் வரைபடத்தைப் பார்க்கிறது: ரோட்டு அகலம், பூங்காவுக்கு விட வேண்டிய பொது இடம், மனை அளவு. ரோட்டையும் பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். கீழ்பவானி, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் பாசன நிலமாக இருந்தால் நஞ்சையை வீட்டுமனையாக மாற்றியதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு இருக்க வேண்டும். தொண்டாமுத்தூர், காரமடை, ஆனைமலைப் பக்கம் மலையடிவாரத்தில் பல கிராமங்கள் ஹாகா என்னும் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. அங்கே டிடிசிபி மட்டும் போதாது, அந்த அனுமதியும் வேண்டும். யானை வந்து போகிற வழி ஓரத்தில் ‘மலைக்காட்சி வில்லா’ என்று விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய தாள் இதுதான்.

ரெரா அதற்கு அப்புறம். திட்டத்தைப் பதிந்துகொள்கிறது, தாக்கல் செய்த தாள்களை எல்லாரும் பார்க்கும்படி வைக்கிறது, சொன்ன தேதிக்கும் வாங்கிய பணத்துக்கும் கணக்குக் கேட்கிறது. நிலம் சுத்தமானது என்று அது சான்று கொடுப்பதில்லை. மூலப்பத்திரமும் வில்லங்கமும் பார்ப்பது உங்கள் வேலை, நீங்கள் வைக்கும் வக்கீலின் வேலை.

எண்ணை வைத்து என்ன செய்வது? ‘டிஎன்’ என்று தொடங்கி, மாவட்ட எண், லேஅவுட் அல்லது பில்டிங், வரிசை எண், ஆண்டு என்று அது இருக்கும். குழுமத்தின் இணையதளத்தில் அதைத் தேடுங்கள். விளம்பரத்தில் 80 சைட் என்று இருந்து பதிவில் 64 என்று இருந்தால் மீதி 16 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். லேஅவுட்டுக்கு வாங்கிய எண்ணைக் காட்டி அதே இடத்தில் ரோ ஹவுஸ் கட்டி விற்பவரும் உண்டு; எண்ணுக்குள்ளேயே எது என்று எழுதியிருப்பதால் கண்டுபிடித்துவிடலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், முடிக்கும் தேதி. விற்பனை ஆபீஸில் “அடுத்த சித்திரைக்குக் குடி போயிறலாமுங்க” என்பார்கள். குழுமத்திடம் கொடுத்த தேதி அதற்கும் இரண்டு வருஷம் தள்ளி இருக்கும்.

இனி அட்வான்ஸ். இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் அது 13-ஆம் பிரிவாக இருக்கட்டும். விற்பனை ஒப்பந்தத்தை எழுதி, அதைப் பதிவும் செய்யாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 60 லட்ச ரூபாய் ஃப்ளாட் என்றால் 6 லட்சம். புக்கிங் தொகை, விண்ணப்பக் கட்டணம், டோக்கன் என்று எந்தப் பேரில் வாங்கினாலும் எல்லாம் அந்த 6 லட்சத்துக்குள்தான்.

நடப்பது வேறு. இருபது, முப்பது சதவீதம் கட்டச் சொல்லிவிட்டு, ஒப்பந்தம் என்று பதிவு செய்யாத பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். “எல்லாரும் இப்படித்தானுங்க புக் பண்றாங்க” என்பார் புரோக்கர். “அக்ரிமென்ட்ட ரிஜிஸ்டர் பண்ணிக் குடுங்க, அன்னைக்கே மீதியத் தர்றனுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தால் போதும். சண்டை போட வேண்டியதில்லை. பதிவு செய்த ஒப்பந்தத்தில் விலை, சதுர அடி, ஒப்படைக்கும் தேதி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று எல்லாம் வந்துவிடும். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தத் தாளுக்குத்தான் கனம். ஒன்று, காரணமில்லாமல் நீங்களே பின்வாங்கினால் புக்கிங் தொகை போகலாம். ஒப்பந்தத்தில் அந்த வரியைப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

கையில் கொடுக்கிற பணம் பற்றி வெளிப்படையாகவே பேசிவிடலாம். பனியன் கம்பெனியோ, விசைத்தறியோ, கோழிப்பண்ணையோ, நம்ம பக்கம் வியாபாரம் வாய்ச்சொல்லில் நடந்து பழகியது. அதே நம்பிக்கையில் வீட்டு விலையிலும் பாதியைக் கட்டாகக் கொடுத்து, துண்டுச் சீட்டில் ஒரு எண் எழுதி வாங்கி வருகிறார்கள். சொத்துக்கு அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அது வாங்கியவருக்குச் சிக்கல். கொடுத்தவருக்கு இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது: வீடு வராமல் போய் பணத்தைத் திருப்பிக் கேட்டால், வங்கி வழியாகப் போனதைத்தான் நிரூபிக்க முடியும். 60 லட்சத்தில் 25 லட்சம் கையில் கொடுத்தவர் 35 லட்சத்துக்குத்தான் வழக்காட முடியும்.

வாங்கிய பணத்துக்கு பில்டருக்கும் கட்டுப்பாடு உண்டு. வாங்குபவர்களிடமிருந்து வருவதில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும், வேலை முடிந்த அளவுக்கு மட்டும், பொறியாளர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்த பின்தான் எடுக்கலாம். சரவணம்பட்டியில் வசூலித்து சூலூரில் நிலம் வாங்கும் பழைய வழக்கத்துக்குப் போட்ட பூட்டு இது. செக் எழுதும்போது அந்தக் கணக்கின் பேரில்தான் எழுதுகிறோமா என்று பாருங்கள்.

ஃப்ளாட் வாங்குபவர்களுக்கு கார்பெட் ஏரியா கணக்கு தனி. உள்ளே நீங்கள் புழங்கும் தரைப்பரப்பு அது. உள்சுவர்கள் சேரும், வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டை மாடி சேராது. வீட்டின் அளவை இந்தக் கணக்கில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். 1,200 சதுர அடி என்று படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாம் சேர்த்துச் சொல்வார்கள். கார்பெட் எவ்வளவு, உங்கள் பங்குக்கு வரும் பிரிபடாத நிலம் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள். இருபது வருஷம் கழித்துக் கட்டடத்துக்கு மதிப்புக் குறைந்தாலும் நிலப் பங்கு அப்படியே நிற்கும்.

தோட்டக்காரர்களுக்கு ஒரு பேச்சு. பங்காளிகள் பிரித்துக்கொண்ட பிறகு, தண்ணியில்லாத மூணு ஏக்கரை லேஅவுட் போடுபவருக்குப் பவர் எழுதிக் கொடுத்து, சைட் கணக்கில் பங்கு வாங்கிக்கொள்வது இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. “நான் நெலத்தத்தானே குடுத்தேன், விக்கறது அவரு” என்று ஒதுங்கிக்கொள்ள முடியும் என்று நினைக்கிறார்கள். முடியாது. நிலத்தை மேம்படுத்துபவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர் என்றால் இருவரையுமே விற்பனையாளர்களாக எடுத்துக்கொண்டு கூட்டுப் பொறுப்பைச் சுமத்துகிறது சட்டம். ஆகவே பங்கு ஒப்பந்தம் போடும்போதே ரெரா பதிவு யார் செலவு, தாமதமானால் வட்டி யார் கட்டுவது, சைட் வாங்கியவர் பணம் எந்தக் கணக்குக்குப் போகும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். குடும்பத்தைச் சேராத ஒருவர் பேரில் பவர் எழுத, 2023 ஜூலை முதல் சொத்து மதிப்பில் 1 சதவீதம் கட்டணம். அந்தச் செலவைத் தவிர்க்க வெறும் நம்பிக்கையில் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். நிலத்தின் உரிமையில் குறை என்று பின்னால் தெரிந்து வாங்கியவருக்கு நஷ்டம் வந்தால், அந்த இழப்பீட்டைக் கேட்கக் காலக்கெடுவே கிடையாது. தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரம் வாங்காமல் விட்டது பதினைந்து வருஷம் கழித்தும் கதவைத் தட்டும்.

ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பது ரெராவில் வராது. அந்தப் புரோக்கருக்கும் ரெரா பதிவு தேவையில்லை. பதிவு பெற்ற திட்டங்களை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்குத்தான் கட்டாயம். பழைய வீட்டுக்குப் பழைய பாடம்தான்: தாய்ப்பத்திரம் தொடங்கிக் கிரயங்கள் தொடர்ந்து வருகின்றனவா, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், பட்டா யார் பேரில், செக்குபந்தி (நான்கு பக்க எல்லை) பத்திரத்தில் சொன்னபடி நிலத்தில் இருக்கிறதா. அங்கீகாரம் இல்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான வீட்டுமனையா, வரன்முறை உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சார்பதிவாளர் பதிய மாட்டார்.

பதிவுச் செலவிலும் புது வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு. சைட்டுக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பில்டரிடம் முதல்முறையாக வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில் பத்திரம் போட வேண்டும். 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்கு மேல் 9. அதே 60 லட்சத்துக்குப் புது ஃப்ளாட் என்றால் 4.2 லட்சம், பழையது என்றால் 5.4 லட்சம். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விலையில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் கடமை. பலருக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் இது தெரிகிறது.

வீடு சொன்ன தேதிக்கு வரவில்லை என்றால் இரண்டு வழி. விலகிக்கொண்டு கட்டிய பணத்தை வட்டியோடு கேட்கலாம். அல்லது காத்திருந்து, சாவி கைக்கு வரும் வரை மாதாமாதம் வட்டி கேட்கலாம். வட்டி, ஸ்டேட் வங்கியின் உச்ச கடன் விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். குறையை வாட்ஸ்அப்பில் சொன்னதோடு நிற்காமல் பதிவுத் தபாலிலும் அனுப்பி வையுங்கள்.

பணமும் வட்டியும் கேட்பதென்றால் குழுமத்திடம் ‘எம்’ படிவம். மன உளைச்சல், வாடகைச் செலவு போன்ற இழப்பீடு கேட்பதென்றால் தீர்ப்பு அலுவலரிடம் ‘என்’ படிவம். உத்தரவை எதிர்த்து பில்டர் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் உங்களுக்குத் தர வேண்டிய முழுத் தொகையையும் முதலில் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருப்பவரிடம், வருவாய்ப் பாக்கி போல மாவட்ட ஆட்சியர் வழியாகத்தான் வசூல் நடக்க வேண்டும். அங்கேதான் கோப்பு தூங்கும். தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். உரிமையியல் நீதிமன்றம் இந்த விவகாரங்களை எடுக்காது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. கட்டிய விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், சென்னைப் பயணம் மிச்சம். பணம் மட்டும் திரும்பினால் போதும் என்பவர் ரெராவுக்கும், சேவைக் குறைபாடு என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க நினைப்பவர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போவது பொருந்தும். எங்கே போவதானாலும் முதல் தாளாகக் கேட்பது பதிவு செய்த ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கு நகலையும்தான்.