பயிருக்கு எதற்குச் சகிப்புத்தன்மை?

'வறட்சி சகிப்புத்தன்மை கொண்ட ரகம்.' வேளாண் கட்டுரை, செய்திக் குறிப்பு, விதை விளம்பரம் என்று எதைத் திறந்தாலும் இப்போது இந்தத் தொடர்தான். 'டிராட் டாலரன்ஸ்' என்பதைத் தமிழாக்கியவர்களுக்கு, டாலரன்ஸுக்கு நேரே முதலில் கண்ணில் பட்ட சொல் இதுதான் போலிருக்கிறது. சமய நல்லிணக்கம் பேசப் பயன்படும் சொல்லைக் கொண்டுவந்து சோளத்தின் தலையில் கட்டிவிட்டார்கள்.

வேர்க்கதை சுருக்கமானதுதான். டாலரன்ஸ், லத்தீனின் 'டொலராரே' என்ற வினையிலிருந்து வந்தது. சுமத்தல், தாங்குதல் என்று பொருள். வறட்சிக்கு வறள், வறுமை எல்லாம் உறவு. 'வானம் வறக்குமேல்' என்று குறளிலேயே வினையாக வருகிறது. சகிப்பு, வடமொழி 'ஸஹ்' வழி வந்தது.

வடமொழி என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது சகிப்பு நல்ல சொல். பிடிக்காத ஒன்று எதிரே இருந்தும் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் சகிப்பு. அதற்கு ஒரு மனம் வேண்டும், கொஞ்சம் கசப்பும் வேண்டும். பயிருக்கு இரண்டும் இல்லை. அது பேசாமல் இருப்பதும் இல்லை. மண் காய்ந்து திசுவில் நீர் குறையக் குறைய, செல்லுக்குள் புரோலின் போன்ற கரைபொருள்களைச் சேர்த்து, எஞ்சியிருக்கும் நீர் வெளியேறாமல் இழுத்துப் பிடிக்கிறது. இதற்குத் 'தாங்குதல்' கச்சிதமாகப் பொருந்துகிறது. சுமைதாங்கிக்கும் இடிதாங்கிக்கும் மனம் தேவைப்படவில்லையே. 'இந்த ரகம் வறட்சியைத் தாங்கும்', 'தண்ணி இல்லாம தாக்குப்பிடிக்கும்' என்று உழவர்கள் சொல்வதும் இதைத்தான். லத்தீன் மூலத்துக்கும் இதுவே நெருக்கம். அப்புறம் எதற்கு அந்தப் பக்கம் போவது? வறட்சி தாங்குதிறன், அவ்வளவுதான்.

இன்னொரு கூட்டம் 'வறட்சி எதிர்ப்பு' என்கிறது. நோய் எதிர்ப்பு சரி. அங்கே கிருமி என்று ஒரு எதிரி வந்து இறங்குகிறது. வறட்சி என்பதோ நீர் இல்லாமை. இல்லாத ஒன்றை எப்படி எதிர்ப்பது?

தாங்குதிறன் என்று எழுதுகிறவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறார்கள். பயிரியலில் இது மூன்று தனி வழிகள். பாசிப்பயறு போன்ற குறுகிய காலப் பயிர், ஈரம் தீரும் முன்பே காய்த்து முடித்துவிடும், இது தப்பித்தல். துவரை ஆழமாக வேர் இறக்கும், நெல்லும் மக்காச்சோளமும் இலையைச் சுருட்டும், சோளம் இலைமேல் மெழுகு பூசிக்கொள்ளும்; மண்ணும் காற்றும் காய்ந்தாலும் உடலுக்குள் வறட்சி வராமல் பார்த்துக்கொள்வது, ஆகவே தவிர்த்தல். திசுவுக்குள்ளேயே நீர் குறைந்த பிறகும் பிழைத்துக் கிடப்பதுதான் உண்மையான தாங்குதல். 60 சொச்சம் நாளில் அறுவடைக்கு வரும் ரகத்தை 'வறட்சியைத் தாங்கும்' என்று எழுதினால், நீளும் வறட்சியிலும் அது நிற்கும் என்று படிப்பவர் நம்பிவிடுவார். நிற்காது. மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் 'வறட்சிக்கு ஈடுகொடுத்தல்' என்று எழுதலாம். ஆங்கிலத்திலேயே இதில் குழப்பம் உண்டு என்பது உண்மைதான். அதற்காக அதையும் சேர்த்தா பெயர்க்க வேண்டும்?

இதே கட்டுரைகளில் கூடவே வருவது 'நீர் பயன்பாட்டு செயல்திறன்', அதாவது ஆங்கிலத்தின் 'வாட்டர் யூஸ் எஃபிஷியன்ஸி'. ஒற்றும் இல்லை, ஓசையும் இல்லை. செயல்திறன் மோட்டாருக்குச் சரி. இங்கே பேச்சு ஒரு விகிதத்தைப் பற்றியது: செலவான நீருக்கு எவ்வளவு விளைந்தது? 1910களில் அமெரிக்காவில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தொட்டிகளில் பயிர் வளர்த்து அளந்தார்கள். ஒரு கிலோ உலர்பொருள் உண்டாக்கக் கோதுமைக்குச் சுமார் 500 லிட்டர் நீர் தேவைப்பட்டது. சோளத்துக்கு 300 லிட்டருக்குச் சற்று மேல். 'நீர்ப் பயன்திறன்' என்றால் போதும், விகிதம் என்பது அதிலேயே தெரிகிறது.

'நீர்ச் சிக்கனம்' என்று சிலர் அழகாக எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, பொருள்தான் வேறு. இலைத்துளைகளை இறுக மூடிக்கொண்ட செடி நீரை மிச்சப்படுத்தும். ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே வர வேண்டும். நாள் முழுக்க மூடியே கிடந்தால் சிக்கனம் இருக்கும், விளைச்சல் இருக்காது.