புதுக் கடல்நீர்த் தொட்டியில் படியும் பழுப்புப் பாசி

கொளத்தூரில் கடல்மீன் தொட்டி வாங்கிய பெரம்பூர் வாசகர் ஒருவர், சில வாரங்களிலேயே மணலும் கண்ணாடியும் பழுப்பேறிவிட்டதாகவும், விரல் பட்டாலே தூளாகக் கலையும் அந்தப் படலம் மறுநாளே மீண்டும் படிந்துவிடுவதாகவும் எழுதி, காரணம் கேட்டிருக்கிறார். அது பெரும்பாலும் டயட்டம் என்னும் ஒருசெல் பாசியாக இருக்கும். குளோரோபில்லுடன் ஃப்யூக்கோசாந்தின் என்ற நிறமியும் கொண்டிருப்பதால் அது பழுப்பாகத் தெரிகிறது. வேறு உயிர்கள் குடியேறாத வெற்றுப் பரப்பு, வெளிச்சம், நீரில் கரைந்த சிலிக்கா ஆகிய மூன்றும் புதுத் தொட்டியில் ஒருங்கே அமைந்துவிடுகின்றன.

சிலிக்கா எதற்கு என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. டயட்டத்தின் செல்சுவர் கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் ஆனது. குங்குமச் சிமிழைப் போல, சற்றே பெரிய மூடியும் அதற்குள் பொருந்தும் அடிப்பாகமும் உடையது. செல் பிரியும்போது ஒரு சேய் மூடியையும் மற்றொன்று அடிப்பாகத்தையும் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் இரண்டுமே தமக்குக் கிடைத்ததை மூடியாக வைத்துக்கொண்டு, உள்ளே பொருந்தும் சிறிய பாதியையே புதிதாகச் செய்கின்றன. ஆகவே மூடி கிடைத்த சேய் தாயின் அளவிலேயே இருக்க, மற்றது ஒரு மயிரிழை சிறுத்துவிடுகிறது. தலைமுறை தோறும் கூட்டத்தின் சராசரி அளவு குறைந்துகொண்டே போகிறது. மெக்டொனால்டு, ஃபிட்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1869இல் தனித்தனியே எடுத்துரைத்த விதி இது. எல்லா இனங்களும் இப்படிச் சிறுப்பதில்லை. சிறுப்பவற்றில் பல, ஓர் எல்லையைத் தொட்டதும் பால்வழி இனப்பெருக்கத்துக்கு மாறுகின்றன. சிலிக்கா ஓட்டைத் துறந்து உருவாகும் கருச்செல் உப்பிப் பெருத்து, முழு அளவில் புதுச் சுவரைக் கட்டிக்கொள்கிறது.

சிலிக்கா தீர்ந்தால் புதுப் பாதியைச் செய்ய வழியில்லை, செல்பிரிவு நின்றுவிடும். எனவே கவனிக்க வேண்டியது தண்ணீரை. குழாய்நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் பாறையிலிருந்து கரைந்த சிலிக்கா உண்டு. ஆர்ஓ அதில் பெரும்பகுதியை நீக்கும் என்றாலும், வீட்டு ஆர்ஓ கருவிகள் பலவற்றில் சுவைக்காக வடிகட்டாத நீரையும் கொஞ்சம் கலக்கிறார்கள். இதில், நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரையும் நம்ப முடியாது. மின்கடத்தலை அளக்கும் அந்தக் கருவிக்கு, சிலிக்கா நீரில் கரையும் வடிவமான, பெரும்பாலும் மின்சுமையற்ற சிலிசிக் அமிலம் புலப்படாது. எஞ்சிய அயனிகளைப் பிடிக்க ஆர்ஓவுக்குப் பின் வைக்கும் டிஐ பிசின் சோர்வடையும்போதும் முதலில் நழுவி வருவது சிலிக்காவே. காசிமேட்டிலிருந்து கடல்நீரை மொண்டு வருவதும் தீர்வாகாது: ஆறுகள் சிலிக்காவைக் கடலில் சேர்க்கின்றன; துறைமுக நீரில் படகு டீசலும் கலந்திருக்கும்.

பழுப்பேறிய தொட்டி வீட்டுக்கு ஆகாது என்று வாஸ்து பேசுவோரின் சொல்லைக் கேட்டுத் தொட்டியைக் காலி செய்வது வீண்வேலை. நீர் மாற்றும்போது படலத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, விளக்கு நேரத்தைச் சற்றுக் குறைத்தால், சில வாரங்களில் அது பெரும்பாலும் தானே மறையும். நூல்நூலாகத் தொங்கி, காற்றுக்குமிழ்களைப் பிடித்துவைத்திருந்தால் மட்டும் டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் வேறொரு வகை ஒருசெல் உயிர் என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருத்துவம் வேறு. பாசி மேயும் டர்போ நத்தைகளை விடலாம், ஆனால் ஒன்றிரண்டு போதும். படலம் மறைந்தபின் மேய ஏதுமின்றி அவை பட்டினி கிடக்கும். அப்போது உலர்ந்த கடற்பாசித் தாளைக் கிள்ளிப் போட வேண்டியிருக்கும்.