வலி போனதும் குளிசையை விட்டால் மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

வெள்ளவத்தைப் பக்கம் முடக்குவாதக்காரர் (ருமட்டொய்ட் ஆத்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய் உள்ளவர்கள்) இருக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இப்ப நோகிறேல்ல, அதால குளிசைய நிப்பாட்டிட்டன்." சில மாதம் போனதும் விரல் மொளிகள் மறுபடி வீங்கும், காலையில் தேங்காய் திருவ முடியாது, பழையபடி கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணிப் போனாலும் இதை ஆறுதலாக இருந்து விளக்க டொக்டருக்கு நேரம் கிடைப்பது அருமை.

மூட்டின் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மூட்டு வழுக்கி அசைவதற்கான திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி இந்தச் சவ்வையே எதிரியாக எடுத்துக்கொள்கிறது. சவ்வு தடித்து, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 என்று அழற்சி இரசாயனங்களைக் கொட்டி, கடைசியில் பக்கத்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடும். இந்த இரசாயனங்கள் விடியப்புறம் உச்சத்துக்குப் போவதால்தான் எழும்பி ஒரு மணித்தியாலம் ஆனாலும் கை மடங்காது. பின்னேரம் படி ஏறும்போது மட்டும் முழங்கால் நோவது பெரும்பாலும் தேய்மானம், அது வேறு சங்கதி.

டைக்ளோஃபெனாக் போன்ற வலிக் குளிசை நோவையும் வீக்கத்தையும் குறைக்கும், எலும்பு அரிபடுவதைத் தடுக்காது. தைலமும் அப்படித்தான், பூசினால் இதம். ஸ்டீரொய்ட் கதை கொஞ்சம் சுவாரசியமானது. 1948இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டொக்டர், நடக்கவே கஷ்டப்பட்ட ஒரு பெண்ணுக்கு கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொய்ட் ஊசி போட, சில நாளிலேயே அவர் எழும்பி நடந்தார். 1950இல் ஹென்சுக்கு நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. ஆனால் நீண்டகாலம் கொடுத்தபோது முகம் ஊதியது, எலும்பு மெலிந்தது, சீனி ஏறியது. அதனால் இப்போது அதே இனத்து ஸ்டீரொய்டான பிரெட்னிசொலோனை மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரைக்கும் குறைந்த அளவில் கொடுத்து, பிறகு மெதுவாகக் குறைப்பார்கள். மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக்கூடாது, ஏனென்றால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை அதற்குள் குறைத்திருக்கும்.

சரி, அந்த "மற்ற மருந்து" எது? பெரும்பாலும் மெதோட்ரெக்சேட். புற்றுநோய்க்கென்று வந்த மருந்து, சின்ன அளவில் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தியின் ஆவேசத்தை அடக்குகிறது. பலன் தெரிய 6 முதல் 12 கிழமை பிடிக்கும், அதுவரை "இது வேலை செய்யேல்ல" என்றுதான் தோன்றும். எடுப்பது கிழமைக்கு ஒரே ஒரு நாள். இதைப் பெரிய எழுத்தில் கொப்பி மட்டையில் எழுதி வையுங்கள், ஏனென்றால் தவறுதலாகத் தினமும் குடித்தால் எலும்பு மச்சை இரத்த அணுக்களை உண்டாக்குவது தடைப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கூடவே தரும் ஃபோலிக் அசிட் வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைக்கும். ஈரலையும் இரத்த அணுக்களையும் பார்க்கத்தான் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் சில மாதம் முன்பே டொக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும்.

இதற்கும் அடங்காவிட்டால் டிஎன்எஃப்பை நேரடியாக மறிக்கும் ஊசிகள் இருக்கின்றன. லண்டனில் மெய்னி, ஃபெல்ட்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1990களில் நிரூபித்துக் காட்டிய வழி அது. விலை அதிகம், உறங்கிக் கிடக்கும் சயரோகத்தையும் எழுப்பிவிடக்கூடும், அதனால் முதலில் அதற்குச் சோதிப்பார்கள்.

நோயை அடியோடு மாற்றும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் முதல் சில மாதங்களிலேயே தொடங்கினவர்களில் பலர் விரல் கோணாமல் வேலைக்குப் போய் வருகிறார்கள். நீண்டகாலம் அடங்கியிருந்தால் டொக்டரே அளவைக் குறைத்துப் பார்ப்பார், நாமாக நிறுத்துவது வேறு, அடங்கியிருந்த சவ்வு மறுபடி தடித்து எலும்பை அரிக்கத் தொடங்கலாம். இன்னொன்று, அழற்சி இரத்தக் குழாயையும் விட்டுவைப்பதில்லை, மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அடுத்த கிளினிக்கில் கைவிரலைக் காட்டும்போதே பிரஷரையும் கொலஸ்ட்ரோலையும் பார்க்கச் சொல்லுங்கள், சிகரெட் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.