குறட்டை அடங்கிய பிறகும் எடை ஏன் கூடுகிறது?

துறைமுகத்துக்கு கண்டெய்னர் லாரி ஓட்டுபவர் எண்ணூர் சாலை வரிசையில் நிற்கும்போதே கண் சொருகினால், அதை வேலை அலுப்பு என்று விட்டுவிடக் கூடாது. உடல் பருமனும் குறட்டையும் சேர்ந்திருந்தால், முதலில் செய்ய வேண்டியது, தூங்கும்போது மூச்சு எத்தனை முறை அடைபடுகிறது என்று எண்ணும் தூக்கப் பரிசோதனை.

கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு, தூக்கத்தில் தசை தளர்ந்ததும் தொண்டைப் பாதை ஒட்டிக்கொள்கிறது. இதுதான் தூக்க மூச்சுத்திணறல் (ஸ்லீப் அப்னியா). மூச்சு 10 நொடியாவது நிற்பதும், பாதி அடைபட்டு ஆக்சிஜன் இறங்குவதும் பரிசோதனைக் கணக்கில் வரும். மணிக்கு 5 முறைக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 30ஐத் தொட்டால் தீவிரம். ஒவ்வொரு அடைப்பிலும் மூளை உடலை உலுக்குகிறது, அட்ரினலின் ஏறுகிறது, கல்லீரல் ரத்தத்துக்குள் சர்க்கரையை விடுகிறது. படுத்த இடத்திலேயே உடலுக்கு இரவெல்லாம் ஓட்டம்தான்.

சிபேப் கருவி முகக்கவசம் வழியாகக் காற்றை ஊதி அந்தப் பாதையைத் திறந்து வைக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழு 1981இல் வெளியிட்ட முறை இது. பெரும்பாலும் முதல் இரவிலேயே குறட்டை அடங்கிவிடும். எடையோ சராசரியாக அரை கிலோ அளவுக்குக் கூடுகிறது. திணறலுக்குச் செலவான சக்தி மிச்சமாகிறது, தட்டில் விழும் பரோட்டா மட்டும் குறைவதில்லை.

2014இல் வெளியான 24 வார ஆய்வு ஒன்றில், சிபேப் மட்டும் போட்டவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடல் சரியாக இசையாத நிலை) ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் குறிப்பிடும்படி இறங்கவில்லை. எடையையும் சேர்த்துக் குறைத்தவர்களுக்கு இறங்கின. அதனால் கருவி வீட்டுக்கு வரும் வாரத்திலேயே ராத்திரி பத்து மணி அத்தோ நூடுல்ஸையும் மதுவையும் நிறுத்துங்கள். மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும்.

பலர் செய்யும் தவறு, மூன்று மணிக்கு எழுந்து கவசத்தைக் கழற்றி வைத்துவிடுவது. கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். அப்போது தசை முழுக்கத் தளர்ந்து, அடைப்பு நீளமாகிறது. நான்கு மணி நேரம் போட்டாயிற்றே என்று நிம்மதி அடைய வேண்டாம். முழுத் தூக்கத்துக்கும் போட்டால்தான் அந்த நேரத்துக்கும் காவல்.

காற்று கசிந்தால் வாரை இறுக்காதீர்கள், மூக்குத் தண்டில் புண்தான் வரும். கவசத்தின் அளவை மாற்றுங்கள். அது உட்காரும் இடத்தில் தாடி இருந்தால் எடுத்துவிடுங்கள். வாய் திறந்து தூங்கி நாக்கு வறண்டால், மூக்கையும் வாயையும் மூடும் கவசம் தேவைப்படலாம். ஈரமூட்டும் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும். லாரித் தூசு பறக்கும் தெருவில் வீடு இருந்தால், கருவியின் காற்று வடிகட்டியை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.