கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கும் ஒரு கணக்கு உண்டு

ஆச்சிக்குக் கண்புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் லென்ஸ் பேச்சு தொடங்கிவிடும். மடக்கு லென்ஸா, மடங்காத லென்ஸா? விலை கூடியதை வைக்காவிட்டால் ஆச்சிக்குக் குறை வைத்ததாக ஆகிவிடுமோ? அம்பாசமுத்திரமோ வள்ளியூரோ, இந்தப் பேச்சு எழாத தெரு இருக்காது. இதே கேள்வியை இந்திய அரசும் கேட்டுப் பார்த்தது. பொதுப்பணத்தில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பேருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடக்கிறது. அதற்கு எந்த லென்ஸ் தகும் என்பதுதான் கேள்வி.

இப்படிப்பட்ட கேள்விகளை ஆராயவே மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை 2017ல் ஓர் அமைப்பைத் தொடங்கியது. 'ஹெல்த் டெக்னாலஜி அசெஸ்மென்ட் இன் இந்தியா' என்று பெயர்; மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தொழில்நுட்பம் என்றதும் ஸ்கேன் இயந்திரத்தை மட்டும் நினைக்க வேண்டாம். மருந்து, ஊசி, தடுப்பூசி, பரிசோதனை முறை, அறுவை சிகிச்சை எல்லாம் இதில் அடங்கும்.

உரிமம் கொடுப்பது இந்த அமைப்பின் வேலை அல்ல. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. மருத்துவக் கருவிகளுக்கு 2017ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. ஆபத்து குறைந்த ஏ முதல் ஆபத்து மிகுந்த டி வரை நான்கு வகுப்புகள்; இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் டி வகுப்பு. பொருள் பாதுகாப்பானதா, சொன்ன வேலையைச் செய்கிறதா என்பதோடு உரிமம் நின்றுவிடும். 'ஏற்கெனவே இருப்பதைவிட இது எவ்வளவு மேல்? அந்த மேன்மைக்கு இந்த விலை தகுமா?' என்று கேட்பதுதான் மதிப்பீடு. கடையில் விற்க அனுமதி பெற்ற எல்லாவற்றையும் நாம் வீட்டுக்கு வாங்கி வருவதில்லையே.

மத்திய அரசுத் துறையோ மாநில அரசோ கேள்வியை அனுப்பும். ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று அதை எடுத்துக்கொள்ளும். சென்னையில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இந்தப் பணியில் இருக்கின்றன. (இதயத்துக்கும் மூளைக்கும் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறும் நெல்லைக்காரர்களுக்குப் பின்னதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.) ஆய்வை நிபுணர் குழு அலசும், பிறகு மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு வாரியம் பரிந்துரை தரும். அது பரிந்துரைதான், சட்டம் அல்ல. தனியார் மருத்துவமனையை அது கட்டுப்படுத்தாது.

கணக்கு இப்படிப் போகும். ஒருவர் முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டுக்கு மதிப்பு ஒன்று. பார்வை மங்கி, பிறர் கையைப் பிடித்து நடக்கும் ஆண்டுக்கு அதைவிடக் குறைவு. புதிய சிகிச்சை அப்படி எத்தனை நல்ல ஆண்டுகளைக் கூடுதலாகத் தருகிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூடுதல் செலவு என்று பார்த்து, அந்தத் தொகையை நாட்டின் தலைக்கு இவ்வளவு என்று வகுத்த மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிடுவார்கள். நோயாளி தன் கையிலிருந்து கொடுக்கும் பணமும் கணக்கில் வரும். எனக்குப் பிடித்தது இதுதான். மருத்துவமனை பில்லை மட்டும் செலவு என்று நினைப்பவர் களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டைக்கு மூன்று முறை பஸ் ஏறிப் பார்க்க வேண்டும்.

லென்ஸுக்கு வருவோம். இந்த அமைப்பின் தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று அதுதான். மடக்கு லென்ஸை இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை வழியாகச் செலுத்திவிடலாம். அதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும். மடங்காத லென்ஸுக்குச் சுமார் ஆறு மில்லிமீட்டர் வெட்டு; இதைத்தான் சிறு வெட்டு முறை என்கிறார்கள். பெரும்பாலும் தையல் தேவைப்படாது. செலவையும் பலனையும் எடை போட்டபோது, அரசுத் திட்டத்துக்குக் கட்டுப்படியானது சிறு வெட்டு முறையும் மடங்காத லென்ஸும்தான் என்று முடிவு வந்தது. மடக்கு லென்ஸ் மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு கண்ணுக்குச் செலவிடும் கூடுதல் பணம் இன்னொரு கண்ணின் முறையைத் தள்ளிப்போடும் என்று பொருள்.

மலிவானதுதான் எப்போதும் வெல்லும் என்றும் எண்ண வேண்டாம். ஒரு முறை போட்டதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு, சாதாரண சிரிஞ்சைவிட விலை கூடுதல். ஆனால் மறுபடி பயன்படுத்த முடியாததால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவுவது குறையும். அந்தச் சிகிச்சைச் செலவையும் சேர்த்துப் பார்த்து, விலை கூடிய சிரிஞ்சுக்கே பரிந்துரை போனது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ முகாமிலோ ஆச்சிக்கு மடங்காத லென்ஸ் வைத்தால் மனம் சுருங்க வேண்டாம். தனியாரில் கூடுதல் பணம் கேட்டால், 'இந்தக் கண்ணுக்கு இதனால் என்ன கூடுதலாகக் கிடைக்கும்?' என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். எங்கே செய்தாலும், லென்ஸின் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கருவியால் பாதிப்பு நேர்ந்தால் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் தரலாம். அப்போது அந்த ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத்தான் கேட்பார்கள்.