பென்சில்: வால்ல இருந்து வந்த பேரு, காரீயமே இல்லாத "லெட்", அப்புறம் நம்ம கரிக்கோல்

பென்சில்ங்கிற சொல்லுக்கு நேரான அர்த்தம் "குட்டி வால்". சும்மா விளையாட்டுக்குச் சொல்லல. லத்தீன்ல பெனிசில்லஸ்னு ஒரு சொல், ஓவியம் வரையுறவங்க வச்சிருக்கிற மெல்லிசான தூரிகைக்கு அதான் பேரு, அது பெனிகுலஸ்ங்கிற இன்னொரு சொல்லோட செல்லக்குட்டி வடிவம், அதுவும் அதுக்கு முன்னாடி இருந்த ஒரு வேர்ச்சொல்லோட செல்ல வடிவம், அந்த வேருக்கு அர்த்தம் வால். மிருகத்தோட வால்முடியை வச்சுத் தூரிகை கட்டுனா பார்க்க குட்டி வால் மாதிரிதானே இருக்கும், அதான் அந்தப் பேரு. (அந்த வேர்ச்சொல் லத்தீன்லயே உடம்புல வேற ஒரு உறுப்புக்கும் பேரா போயிடுச்சு, எதுன்னு நீங்களே யூகிச்சுக்குங்க, நான் எழுதல.)

லத்தீன்ல இருந்து பழைய பிரெஞ்சுக்குப் போயி பின்செல் ஆச்சு, அங்கேருந்து ஆங்கிலத்துக்கு வந்து பென்சில் ஆச்சு. ஆனா ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் ரொம்ப காலத்துக்கு அதுக்கு அர்த்தம் தூரிகைதான். பழைய ஆங்கில நூல்கள்ல ஒரு ஓவியரோட பென்சிலைப் புகழ்ந்து எழுதியிருந்தா அவரு பெயிண்டிங்கைப் புகழுறாங்கன்னு அர்த்தம், நாம நினைக்கிற பென்சில் ஸ்கெட்ச் இல்ல.

இதே தூரிகைச் சொல்லுக்கு இன்னொரு வாரிசும் இருக்கு, அது மெடிக்கல் ஷாப்ல இருக்கு. பெனிசிலின். மைக்ராஸ்கோப்புல பார்த்தா நுனி பிரிஞ்சு தூரிகை மாதிரி தெரியுதுன்னு ஒரு பூஞ்சைக்கு 1809ல பெனிசிலியம்னு பேரு வச்சாங்க, 1928ல அலெக்சாண்டர் ஃபிளெமிங் அந்தப் பூஞ்சை பாக்டீரியாவைக் கொல்றதைக் கவனிச்சாரு, அதுல இருந்து வர்ற பொருளுக்குப் பெனிசிலின்னு பேரு வச்சாரு. ஆக பென்சிலும் பெனிசிலினும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. ஆனா பென்னும் பென்சிலும் சொந்தமே இல்ல! பென் வந்தது பென்னாங்கிற லத்தீன் சொல்லுல இருந்து, அதுக்கு அர்த்தம் இறகு, இறகைச் சீவி எழுதுன காலத்து மிச்சம் அது. கேக்குறதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற ரெண்டு சொல்லுக்கும் வேர் வேற வேற.

சரி, பேரு தூரிகைன்னா பொருள் எப்ப வந்துச்சு? 16ஆம் நூற்றாண்டுல, இங்கிலாந்துல பாரோடேல்ங்கிற மலைப்பக்கத்துல. அங்க சுத்தமான, கட்டியான, கருப்பான ஒரு பொருள் கிடைச்சுது, புயல்ல மரம் சாஞ்சு வேருக்கு அடியில தெரிஞ்சுதுன்னு ஒரு கதை சொல்லுவாங்க, அது எவ்வளவு நிஜமோ. அங்க இருந்த ஆளுங்க அதை முதல்ல பயன்படுத்துனது எழுதுறதுக்கு இல்ல, ஆட்டு மேல அடையாளம் போடுறதுக்கு. கொஞ்ச நாள்லயே அது ஐரோப்பா ஃபுல்லா பரவிடுச்சு, 1565லயே சூரிச்ல இருந்த கான்ராட் கெஸ்னர்ங்கிற இயற்கை ஆய்வாளர் மரப்பிடிக்குள்ள இந்தக் கருப்புப் பொருளைச் செருகி எழுதுற ஒரு கருவியைப் படம் போட்டு விளக்கியிருக்காரு. ஆனா அதுல அவரு அந்தப் பொருளை என்னன்னு எழுதியிருக்காரு தெரியுமா, ஒரு வகைக் காரீயம்னு.

இங்கதான் உலகமே சறுக்குச்சு. தொட்டா கையில கருப்பா ஒட்டுது, பளபளன்னு இருக்கு, பேப்பர்ல இழுத்தா கோடு விழுது, இது எல்லாம் காரீயமும் செய்யும். காரீயத்தால கோடு போடுற வழக்கம் ரோமானியர் காலத்துல இருந்தே இருந்துச்சு. அதனால இதுவும் காரீயம்தான், கொஞ்சம் உசத்தியான காரீயம்னு முடிவு பண்ணி "கருப்புக் காரீயம்"னு பேரு வச்சுட்டாங்க, படிச்சவங்க பிளம்பாகோன்னாங்க, அதுவும் காரீயத்துக்கு லத்தீன்ல இருக்கிற பிளம்பம்ங்கிற சொல்லுல இருந்து வந்ததுதான் (குழாய் ரிப்பேர் பண்ற பிளம்பருக்கும் அதே பிளம்பம்தான், அப்ப குழாய் எல்லாம் காரீயம்). 1779ல கார்ல் ஷீலேங்கிற ஸ்வீடன் வேதியியலாளர் சோதிச்சுப் பார்த்து இதுல காரீயமே இல்ல, இது ஒருவகைக் கரின்னு காட்டுனாரு. பத்து வருஷம் கழிச்சு, 1789ல, ஜெர்மனியில ஆபிரகாம் வெர்னர் இதுக்கு கிராஃபைட்னு புதுப் பேரு வச்சாரு, கிரேக்கத்துல கிராஃபேன்னா எழுதுறது, ஆக "எழுதுற கல்".

பேரு மாறுச்சே ஒழிய வாய் மாறல. இன்னிக்கும் ஆங்கிலத்துல பென்சிலுக்குள்ள இருக்கிறதை லெட்னுதான், அதாவது காரீயம்னுதான் சொல்றாங்க, நாமளும் மைக்ரோடிப் பென்சிலுக்கு "லெட் தீந்துடுச்சு"ன்னுதான் சொல்றோம். ஜெர்மன்ல பென்சிலுக்குப் பேரு பிளைஷ்டிஃப்ட், அதாவது காரீயக் குச்சி. அரபியில கலம் ரசாஸ், காரீயப் பேனா. சீன மொழியிலயும் காரீயம்னு சேர்த்துதான் சொல்றாங்க. ஜப்பான்ல என்பிட்சு, அதைப் பிரிச்சா காரீயம் ப்ளஸ் தூரிகை, அதாவது உள்ள இல்லாத காரீயமும் பேர்ல இருக்கு, கையில இல்லாத தூரிகையும் பேர்ல இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான்.

இந்தக் குழப்பத்துல ஒரு தனிமத்துக்கே தப்பான பேரு போயிடுச்சு. மாலிப்டினம். கிரேக்கத்துல மாலிப்டோஸ்னா காரீயம். கிராஃபைட், காரீயத் தாது, மாலிப்டினம் தாது மூணும் பார்க்க ஒரே மாதிரி கருப்பா மழமழன்னு இருந்ததால எல்லாத்தையும் ஒரே சொல்லுல கூப்பிட்டாங்க, அதே ஷீலே வந்து இது வேற அது வேறன்னு பிரிச்ச பிறகு அந்தப் பேரு இந்தத் தனிமத்து தலையில நின்னுடுச்சு, பாவம், அதுக்கும் காரீயத்துக்கும் சம்பந்தமே இல்ல.

பென்சில் குத்துனாலோ கடிச்சாலோ லெட் விஷம் ஏறிடும்னு பயப்படுறவங்க இப்பவும் இருக்காங்க. உள்ள இருக்கிறது கிராஃபைட்டும் களிமண்ணும், அதுல காரீயம் கிடையாது. பழைய காலத்துப் பென்சில்கள்ல வெளியில அடிச்ச பெயிண்ட்ல காரீயம் இருந்ததுண்டு, பயப்படணும்னா அதுக்குத்தான் பயப்படணும்.

கிராஃபைட் ஏன் எழுதுதுன்னா, அது கார்பன் அணுக்கள் தட்டுத் தட்டா அடுக்கி வச்ச சீட்டுக்கட்டு மாதிரி, ஒரு தட்டுக்குள்ள அணுக்கள் பயங்கர இறுக்கமா பிடிச்சிருக்கும், ஆனா தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல பிடிப்பு ரொம்ப கம்மி, பேப்பர்ல லேசா தேய்ச்சாலே மேல் தட்டுங்க வழுக்கிக்கிட்டு வந்து ஒட்டிக்கும். ஒரு மில்லிமீட்டர் கிராஃபைட்ல இப்படி சுமார் 30 லட்சம் தட்டு இருக்கு. அதுல ஒரே ஒரு தட்டை மட்டும் தனியா எடுத்தா அதான் கிராஃபீன், 2004ல மான்செஸ்டர்ல ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் அதை எடுத்தது செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிரிச்சுத்தான், 2010ல இயற்பியல் நோபல். அதே கார்பன் அணுக்கள் நாலு பக்கமும் இறுக்கமா பிடிச்சுக்கிட்டா வைரம். இதுல ஒரு வேடிக்கை, ஹார்ட்முத்ங்கிற கம்பெனி 1889 வாக்குல ஒரு உசத்தியான மஞ்சள் பென்சிலைக் கொண்டுவந்து அதுக்குக் கோஹினூர்னு வைரத்தோட பேரையே வச்சாங்க, வேதியியல்படி பார்த்தா அதுல பெரிய பொய் ஒண்ணும் இல்ல. பென்சில்னா மஞ்சள்னு ஒரு ஃபேஷன் கிளம்புனதும் அந்தப் பென்சிலால தான்.

இன்னிக்கு நாம வச்சிருக்கிற பென்சிலோட அசல் தாத்தா ஒரு போரால வந்தது. பாரோடேல் கிராஃபைட் அவ்வளவு சுத்தம், பீரங்கிக் குண்டு வார்க்கிற அச்சுக்கு உள்பூச்சா வேற அது தேவைப்பட்டுச்சு, திருடுறவனுக்குத் தண்டனைன்னு 1752ல பிரிட்டிஷ் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டுச்சு. பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் சண்டை வந்ததும் பிரான்சுக்கு அந்தச் சரக்கு நின்னு போச்சு. அப்ப நிக்கோலா ஜாக் கான்ட்டேங்கிறவரு, பலூன் படையில இருந்த ஆளு, மட்டமான கிராஃபைட் தூளைக் களிமண்ணோட பிசைஞ்சு குச்சியா இழுத்துச் சூளையில சுட்டாரு, 1795ல காப்புரிமை வாங்குனாரு. களிமண் ஜாஸ்தியானா கெட்டி, கம்மியானா கருப்பு, பென்சில் மேல இருக்கிற எச் (கெட்டி), பி (கருப்பு) எழுத்தெல்லாம் இந்தக் கலவைக் கணக்குதான், எச்பின்னா நடுவாந்திரம்.

ரப்பர் பத்திச் சொல்லாம விட முடியாது. நாம ரப்பர் மரத்துப் பாலுல செஞ்சதால அழிக்கிறதுக்கு ரப்பர்னு பேரு வந்துச்சுன்னு நினைக்கிறோம், நடந்தது தலைகீழ். முதல்ல பென்சில் எழுத்தை ரொட்டித் துண்டால தான் அழிச்சாங்க. 1770ல ஜோசப் பிரீஸ்ட்லி, ஆக்சிஜன் பத்தி ஆராய்ச்சி பண்ணாரே அவரேதான், இந்தப் பொருள் பென்சில் எழுத்தை அருமையா அழிக்குதுன்னு எழுதி வச்சாரு. ஆங்கிலத்துல ரப்னா தேய்க்கிறது, தேய்ச்சு அழிக்கிற பொருள் ரப்பர், அப்புறம் அந்த மரத்துக்கு, டயருக்கு, எல்லாத்துக்கும் அந்தப் பேரு போச்சு. பென்சில் வாலுல ரப்பரை ஒட்டி வச்சதுக்கு 1858ல ஹைமன் லிப்மன் காப்புரிமை வாங்குனாரு, ஆனா 1875ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏற்கனவே இருக்கிற ரெண்டு பொருளைச் சேர்த்து ஒட்டுனா அது கண்டுபிடிப்பு ஆகாதுன்னு அதைச் செல்லாதுன்னுடுச்சு.

இப்ப தமிழுக்கு வருவோம். பென்சிலுக்கு அகராதிகள்ல கிடைக்கிறது ரெண்டு சொல், எழுதுகோல், கரிக்கோல். எழுதுகோல் பொதுச்சொல், பேனாவுக்கும் அதான் சொல்றோம், "எழுதுகோல் ஏந்தியவர்"னா யாரும் பென்சிலை நினைக்கிறதில்ல. பேனாவுக்குத் தனியா தூவல்னு ஒரு சொல் இருக்கு, தூவல்னா இறகு, லத்தீன் பென்னா எந்த வழியில போச்சோ அதே வழி. அதே கணக்குல பென்சிலை மொழிபெயர்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்? வட்டிகை, துகிலிகைன்னு தூரிகைக்குப் பழைய சொல்லெல்லாம் இருக்கு, அதுல ஒண்ணைப் போட்டிருப்பாங்க, இல்லன்னா ஜெர்மன்காரன் மாதிரி காரீயக்கோல்னு வச்சிருப்பாங்க. ரெண்டும் பண்ணாம கரிக்கோல்னு வச்சாங்க பாருங்க, அங்கதான் நிக்குது. கார்பனுக்குத் தமிழ்ல கரிமம், அதுக்கும் வேர் கரிதான், கிராஃபைட் முழுக்க முழுக்க கார்பன். ஜெர்மன், அரபி, சீனம், ஜப்பான் எல்லாம் காரீயத்துலயே நிக்கும்போது தமிழ்ல மட்டும் பேருக்குள்ள சரியான தனிமம் உக்காந்திருக்கு. வேதியியல் தெரிஞ்சு வச்சாங்களா, பார்க்க கரி மாதிரி இருக்குன்னு வச்சாங்களா, எப்படி வச்சிருந்தாலும் சொல் சரி.

ஆனா ரொம்ப பெருமைப்படவும் முடியாது, கிராஃபைட்டுக்குத் தமிழ்ல காரீயகம்னு ஒரு கலைச்சொல் இருக்கு, அதுல அதே பழைய தப்பு அப்படியே இருக்கு. இலங்கைத் தமிழ்ல இன்னும் நேரடியா காரீயம்னே சொல்வாங்க, உலகத்துலயே தரமான கட்டி கிராஃபைட் கிடைக்கிற இடத்துல ஒண்ணு இலங்கை, அங்க "போகல"ங்கிற இடத்துல இருக்கிற காரீயச் சுரங்கத்துல தோண்டுறது கிராஃபைட்தான், லெட் இல்ல. தமிழ்ல கார் + ஈயம் = காரீயம், அதாவது கருப்பு ஈயம், டின்னுக்கு வெள்ளீயம், இதே மாதிரி ரோமானியர்களும் லெட்டைக் கருப்பு பிளம்பம், டின்னை வெள்ளைப் பிளம்பம்னு தான் பிரிச்சாங்க, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல, ரெண்டு உலோகத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். கிராஃபைட்டுக்குப் பென்சில் கரின்னு இன்னொரு பேரும் ஓடுது, பொருள் சரிதான், ஆனா பென்சிலுக்குள்ள இருக்கிறது பென்சில் கரி, பென்சில் கரி எதுல இருக்கு பென்சில்லனு சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிக்கும்.

கரிக்கோல்ல ஒரே ஒரு சிக்கல், ஓவியர்கள் வரையுற நிஜமான அடுப்புக்கரிக் குச்சி, அதான் சார்கோல், அதையும் கரிக்கோல்னு தானே சொல்லணும்? அதுக்குக் கரித்துண்டுன்னு சொல்லிட்டுப் போகலாம், பென்சிலுக்குக் கரிக்கோலை விட்டு வைக்கலாம்ங்கிறது என் கட்சி. இன்னொண்ணு, பழைய இலக்கியத்துல கரின்னா சாட்சின்னும் ஒரு அர்த்தம் உண்டு, ரப்பர் வச்சு ரெண்டு தேய் தேய்ச்சா காணாமப் போற எழுத்துக்குப் போயி சாட்சிக்கோல்னு பேரு வந்த மாதிரி ஆயிடுது!

கலர் பென்சிலை வண்ணக் கரிக்கோல்னு எழுதுறதை மட்டும் ஒத்துக்க முடியல. அதுல கிராஃபைட்டே கிடையாது, மெழுகும் நிறமியும் பிசினும்தான், கரியே இல்லாத கோலுக்கு எதுக்குக் கரி? வண்ணக்கோல்னு எழுதுங்க போதும். சிலேட்டுக் குச்சிக்குப் பலப்பம்னு அழகான சொல் இருக்கு, அதையும் கரிக்கோல்னு எழுத வேண்டாம், அது மென்மையான கல்லு. பேசும்போது என்னமோ நானும் பென்சில்னுதான் சொல்றேன், எல்லாரும் அப்படித்தான், ஆனா எழுத்துல கரிக்கோல்னு போட்டா படிக்கிறவங்களுக்கு உடனே புரியுது, யாரும் முழிக்கிறதில்ல.